கற்பித்தல் அனுபவம்: இல்லை

மணிமேகலை தன் சொந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சி மாணவியாக வந்து நின்ற திங்கட்கிழமை காலையில், வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லோரும் சிரித்தார்கள். கத்தரிப்பூ பார்டர் வைத்த வெளிர்மஞ்சள் சேலை, கழுத்தில் பி.எட். கல்லூரியின் அடையாள அட்டை, கையில் சுருட்டிய சார்ட் பேப்பர். முப்பத்தொன்பது வயதில் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்தால் சிரிக்கத்தான் செய்வார்கள். அவளும் சிரித்து வைத்தாள்.

"மேடம், நீங்க எதுக்கு மேடம் யூனிஃபார்ம்ல வந்திருக்கீங்க?" என்று பதினொன்றாம் வகுப்பு காவியா ஓடிவந்து கேட்டாள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியர் இல்லாத பீரியடுகளில் இவளிடம் அறிவியல் படித்த பெண்.

"டீச்சர் வேலை கத்துக்க வந்திருக்கேன் காவியா."

"உங்களுக்கு யாரு மேடம் கத்துக் குடுக்கப் போறாங்க?"

"அர்ச்சுனன் சாரு."

சுற்றி நின்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் இருந்த நியாயம் பள்ளிக் கல்வித் துறையின் எந்தக் கோப்பிலும் இல்லை.

ஏன் சிரித்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிற இந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் மணிமேகலை ஆய்வக உதவியாளர். பென்னாகரத்தில் மரவள்ளிக் காட்டு வீட்டில் பிறந்து, தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு தருமபுரி போய் வேதியியலில் எம்.எஸ்சி. முடித்தவள். சென்னப்பனைக் கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். தேர்வு எழுதினாள், வேலை கிடைத்தது. சோதனைக் குழாய் கழுவுவது, அமில பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டுவது, செய்முறைத் தேர்வுக்கு உப்புகளைப் பொட்டலம் கட்டுவது, இவைதான் அவளுடைய வேலை என்று ஆணையில் எழுதியிருந்தது.

வேலையில் சேர்ந்த மூன்றாம் நாள் வேதியியல் ஆசிரியர் அர்ச்சுனன் லேபுக்குள் வந்தார். காதில் போன். மனைக்கட்டு வியாபாரம். அரூர் ரோட்டில் எந்த நிலம் எப்போது ப்ளாட்டாகும் என்பது அவருக்கு அத்துப்படி. போனைப் பொத்திக்கொண்டு, "நீ எம்.எஸ்சி.தானேம்மா? ப்ளஸ் டூவுக்கு ஆர்கானிக் போயிட்டிருக்குது. ஒரு பீரியடு பாத்துக்க. இதா வந்தர்றேன்" என்றார். அப்படிப் போனவர்தான். ஏழு வருஷம் வரவேயில்லை.

ஏழு வருஷமும் அந்த வகுப்பை எடுத்தது மணிமேகலை. கால அட்டவணையில் அந்தக் கட்டங்களில் எல்லாம் அர்ச்சுனனின் பெயர். ஆய்வு அதிகாரிகளின் ஜீப் கேட்டுக்குள் நுழைந்தால் ஆபீஸ் உதவியாளர் ஷகிலாவின் மிஸ்டு கால் வரும். உடனே சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு லேபுக்கு ஓடி, கழுவின குழாய்களையே திரும்பக் கழுவ வேண்டும். ஜீப் போன பிறகு விட்ட இடத்திலிருந்து சமன்பாட்டைத் தொடர வேண்டும். பிள்ளைகளுக்கு இது பழகிப்போயிற்று. 'மேடம், ஜீப்பு' என்று அவர்களே சொல்லி அனுப்புவார்கள். பதினேழு வயசுப் பிள்ளைகளுக்குப் பொய் சொல்ல இப்படி வாரா வாரம் பயிற்சி கொடுத்த பள்ளிக்கூடத்தை என்னவென்று சொல்வது?

வேதியியலில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி வந்த வருஷம், அர்ச்சுனனுக்குத் தருமபுரியில் மேடை ஏற்றிக் கேடயம் கொடுத்தார்கள். மறுநாள் பள்ளியில் இனிப்பு. தட்டை ஏந்திக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய்க் கொடுத்தவள் மணிமேகலை. "சாரு ஜெயிச்சிருக்காரு, எடுத்துக்கங்க" என்று அவள் வாயாலேயே சொன்னாள். அன்றைக்கு ஒரு மைசூர்பாகு தின்றாள். அது சாயங்காலம் வரை நெஞ்சிலேயே நின்று எதுக்களித்துக்கொண்டிருந்தது.

இது மட்டுமானால்கூடப் போகட்டும். பாடக்குறிப்பு நோட்டு என்று ஒன்று இருக்கிறது. அடுத்த வாரம் என்ன பாடம், எப்படி நடத்தப் போகிறேன், என்ன உதாரணம் சொல்லப் போகிறேன் என்று ஒவ்வோர் ஆசிரியரும் எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நடத்துகிறவளுக்குத்தானே தெரியும் என்ன நடத்துகிறோமென்று? வெள்ளிக்கிழமைதோறும் அர்ச்சுனனின் நோட்டு லேப் மேசைக்கு வந்துவிடும். அவள் எழுதுவாள். அவர் கையெழுத்துப் போடுவார். தலைமையாசிரியை மலர்விழி அதன்கீழே பச்சை மையில் தன் கையெழுத்தைப் போடுவார். மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் பேசியதில்லை.

அவள் வேண்டாவெறுப்பாக எழுதியிருந்தால் பிரச்சினையே இல்லை. அந்தக் கிறுக்கியோ மனது வைத்து எழுதினாள். பென்சீன் வளையத்தை வலப்பக்கம் லேசாகச் சாய்த்து அழகாகப் போடுவாள். வினையூக்கிப் பாடத்துக்கு அவள் எழுதி வைத்த உதாரணம் பெண் பார்க்கிற தரகர். இரண்டு வீட்டையும் சேர்த்து வைத்துவிட்டு, தான் எதுவும் ஆகாமல், வந்தபடியே அடுத்த வீட்டுக்குப் போகிற ஆள். 'எங்கள் ஊர்த் தரகர் குள்ளம்மாள் போல' என்று பெயரோடு எழுதியிருந்தாள். குள்ளம்மாள் வேறு யாருமில்லை. மணிமேகலைக்கும் சென்னப்பனுக்கும் முடிச்சுப் போட்ட பென்னாகரத்துத் தரகர்தான். பிள்ளைகள் பாடத்தை மறந்தாலும் குள்ளம்மாளை மறக்கமாட்டார்கள்.

அவளும் ஆசிரியராக ஒரு வழி இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவள் அதே ஷகிலா. ஆணைகளைத் துருவிப் படிக்கிற பெண்.

"அக்கா, டிபார்ட்மெண்டுல வேலை செய்யற நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் கொஞ்சூண்டு டீச்சர் போஸ்ட் ஒதுக்கி வச்சிருக்காங்க. எம்.எஸ்சி. இருக்குதுல்ல. பி.எட். மட்டும் முடிச்சிருங்க. லிஸ்டுல பேர் வந்துட்டா நீங்களும் டீச்சருதான்."

அன்றிலிருந்து மணிமேகலைக்கு அது ஒன்றே நினைப்பு. சம்பளம் கூடும் என்பதற்காக இல்லை. கால அட்டவணைக் கட்டத்தில் தன் பெயர் இருக்க வேண்டும், ஜீப் வரும்போது ஓடாமல் சாக்பீஸோடு நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்டது.

படிக்க அனுமதி கேட்டுப் போட்ட மனு மூன்று தடவை திரும்பி வந்தது. நான்காம் தடவை சம்பளமில்லா விடுப்பு கிடைத்தது. இதற்கு நடுவில் ஒரு கல்லூரித் தரகன் போனில் பிடித்துக்கொண்டான்.

"நீங்க வரவே வேணாம் மேடம். பரிட்சைக்கு வந்தாப் போதும். அட்டெண்டன்ஸ், ரெக்கார்டு எல்லாம் நாங்களே போட்டுருவோம். பாதிப் பேரு அப்பிடித்தான் முடிக்கறாங்க."

"காலேஜுக்கே போகாம டீச்சராயிட்டு பசங்களுக்கு என்னத்தைங்க சொல்லிக் குடுக்கறது?"

"அட, டீச்சராவறதுக்கு எதுக்கு மேடம் அதெல்லாம்?" என்றான் அவன், நிஜமாகவே புரியாமல்.

போனை வைத்துவிட்டு வாசலில் போய்க் காறித் துப்பினாள். நேர்வழியில் போய்த்தான் படிப்பேன் என்று தருமபுரியைத் தாண்டி ஒரு கல்லூரியில் சேர்ந்து, தன்னைவிடப் பதினைந்து வயது இளைய பெண்களோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். "ஏன்புள்ள, வாத்தியாராவே இருந்தாலும் பத்தாதாமா? வாத்தியாராவறதுக்குத் தனியா படிக்கணுமாமா?" என்று சென்னப்பன் கேட்டான். கிண்டலாகத்தான் கேட்டான். ஆனாலும் தினமும் விடிகாலையில் வண்டியில் கொண்டுபோய் பஸ் ஏற்றிவிட்டவன் அவன்தான்.

இரண்டாம் வருஷம் பதினாறு வாரப் பள்ளிப் பயிற்சி. ஒதுக்கீட்டுப் பட்டியலில் அவளுடைய பள்ளியே வந்தது. மாற்றிக் கேட்டிருக்கலாம். இரண்டு பெண்கள் கேட்டு மாற்றிக்கொண்டார்கள். அவள் கேட்கவில்லை. அந்த வகுப்பில் ஒரு நாளாவது பயப்படாமல் நின்று பாடம் எடுக்க வேண்டும் என்கிற ஆசை. பயிற்சி மாணவி பாடம் எடுத்தால் அது சட்டப்படி சரி. யாருடைய ஜீப் வந்தாலும் ஓட வேண்டியதில்லை. அந்த அற்ப சந்தோஷத்துக்காக ஒரு பெரிய தப்பைச் செய்தாள் மணிமேகலை.

பயிற்சி மாணவிக்கு வழிகாட்டி ஆசிரியர் வேண்டும். வேதியியலுக்கு அர்ச்சுனனை விட்டால் ஆள் இல்லை. அவள் எடுக்கிற நாற்பது வகுப்புகளையும் அவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து, குறைநிறை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வகுப்புக்கும் அவர் வரவில்லை. கடைசி வாரம் நாற்பதையும் ஒரே மூச்சில், ப்ளாட் வாங்க வந்த ஒருவரோடு பேசிக்கொண்டே, சிவப்பு மையில் எழுதித் தள்ளினார். 'குரல் போதாது.' 'வகுப்பைக் கட்டுப்படுத்தப் பழக வேண்டும்.' 'பாட அறிவை வளர்த்துக்கொள்ளவும்.'

பாட அறிவாம். மணிமேகலை அதை இரண்டு தடவை படித்தாள். சிரிப்புக்கூட வரவில்லை.

இதில் கேவலம் என்னவென்றால், அவள் விடுப்பில் போன ஓராண்டும் பழைய பாடக்குறிப்பையே தேதி மாற்றி ஓட்டியவர், அவள் பயிற்சிக்கு வந்த வாரமே புது நோட்டு ஒன்றை நீட்டினார். "நீதான் வந்துட்டியே, இதையும் அப்பிடியே எழுதிரும்மா." மதிப்பெண் அவர் கையில். எழுதினாள். பகலில் அவருக்கு, சாயங்காலம் தன் பயிற்சிப் பாடக்குறிப்பு ரெக்கார்டுக்கு. ஒரே பாடம், ஒரே மூளை. இரண்டு இடத்துக்கு இரண்டு குள்ளம்மாளா பிறக்க முடியும்? இரண்டு நோட்டிலும் அதே உதாரணம்தான் வந்தது.

செய்முறைத் தேர்வுக் குழு வந்தது ஒரு வியாழக்கிழமை. வேறு கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரும் பேராசிரியையும். பயிற்சி மாணவிகள் சேர்ந்து அவர்களுக்குப் பிரியாணி ஏற்பாடு செய்திருந்தார்கள். யாரும் கேட்காமலே அது நடக்கும். ரெக்கார்டுகள் மேசையில் அடுக்கியிருந்தன, பக்கத்தில் தலைமையாசிரியை மலர்விழி உட்கார்ந்திருந்தார். அர்ச்சுனனுக்கு அன்றைக்குப் புதுச் சட்டை, கூடவே பெருமை பிடிபடவில்லை. "எங்க ஸ்கூல் நோட்ஸையும் பாருங்க மேடம்" என்று தன் பாடக்குறிப்பு நோட்டுகளைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

பேராசிரியை கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒரு நோட்டைப் பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். முதலாவதைத் திரும்பப் பார்த்தார்.

"என்ன சார், ரெண்டும் வரிக்கு வரி ஒண்ணா இருக்கு? படம்கூட ஒரே மாதிரி சாய்ஞ்சிருக்கு. எழுத்தும் ஒண்ணு."

மாட்டிக்கொண்டார் என்று ஒரு கணம் மணிமேகலை நினைத்தாள். அர்ச்சுனனுக்கு முகம் சுருங்கக்கூட இல்லை.

"என் நோட்ஸைப் பாத்து ஈயடிச்சான் காப்பி அடிச்சிருக்குது மேடம். வயசாயிருச்சுல்ல, சொந்தமா எழுத வரல பாவம். கூடவே இருந்து இருந்து எழுத்தும் நம்மள மாதிரியே பழகிருச்சு."

ஒரு மனிதன் இவ்வளவு கூசாமல் பேச முடியுமா? முடிந்தது. பட்டப்பகலில், ஐந்து பேர் நடுவில், புதுச் சட்டை போட்டுக்கொண்டு பேசினார். மணிமேகலை வாயைத் திறந்துவிட்டாள்.

"சார், அந்த நோட்டுல குள்ளம்மாள்னு எழுதியிருக்குதுங்களே. குள்ளம்மாள் யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்."

அர்ச்சுனன் நோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "அது... சும்மா ஏதோ ஒரு பேருதான்" என்றார்.

"சும்மா பேரு இல்லீங்க. எனக்குக் கல்யாணம் முடிச்சு வச்ச..."

"மணி!" தலைமையாசிரியை மலர்விழி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "போய் சாப்பாடு வந்துருச்சான்னு பாரு. போ."

பேராசிரியைக்கு எல்லாம் புரிந்துவிட்டது. புரிந்ததைக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அவர் கண்ணிலேயே மணிமேகலை பார்த்தாள். புரிந்த பிறகுதான் அவர் ரெக்கார்டை மூடி, "சரி, பத்து நாள் டைம் தர்றோம். சொந்தமா எழுதிட்டு வரச் சொல்லுங்க" என்றார். அர்ச்சுனனைவிட அந்தம்மாவின் மேல்தான் அவளுக்கு அதிகம் அருவருப்பு வந்தது. அவர் தெரிந்தே மூடினார். பிரியாணி ஆறுவதற்குள் வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை.

மலர்விழி பிறகு தனியாகக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"உண்மையச் சொல்லி என்ன பண்ணப் போற? ஏழு வருஷமா நீ கிளாஸ் எடுத்தேன்னு ஆச்சுன்னா அவருக்கு மெமோ, எனக்கு மெமோ, உனக்கும் மெமோ. லேப் அசிஸ்டண்டு எப்பிடிப் பாடம் எடுக்கலாம்னு உன்னையத்தான் மொதல்ல கேப்பாங்க. மெமோ இருந்தா லிஸ்டுல உன் பேரு வருமா? நீ திரும்பி இந்த ஸ்கூலுக்குத்தானே வரணும்? எழுதிக் குடுத்துட்டுப் போ மணி."

பத்து நாளும் மணிமேகலை எழுதினாள். தன்னைப் போல் இல்லாமல் எழுத வேண்டும். பென்சீன் வளையத்தை நிமிர்த்திப் போட்டாள். கையெழுத்தைக் கொஞ்சம் குண்டாக்கினாள். வினையூக்கிப் பாடம் வந்தபோது குள்ளம்மாளை எடுத்துவிட்டுப் புத்தகத்தில் இருந்த உப்புச்சப்பில்லாத உதாரணத்தை எழுதினாள். அதை எழுதும்போது மட்டும் கண்ணில் நீர் வந்தது. குள்ளம்மாள் இனி அர்ச்சுனனுடைய சொத்து. இப்போது 'சொந்தமாக' இருக்கிறது என்று குழு மதிப்பெண் போட்டது. தேறினாள். தேறியவளுக்குத் தன்மேலேயே சீ என்று இருந்தது.

அடுத்த வருஷம் ஜூலையில் வேலைக்குத் திரும்பினாள். லேப் மேசை தூசு படிந்து கிடந்தது. அதே வாரம் மூன்றாம் பீரியட் நேரத்தில் ஷகிலா விண்ணப்பப் படிவத்தோடு ஓடிவந்தாள்.

"அக்கா, லிஸ்டு கேட்டிருக்காங்க. இன்னிக்கே அனுப்பணும். நான் கேக்கக் கேக்க நீங்க ஃபில் பண்ணுங்க."

பெயர், பிறந்த தேதி, பணியில் சேர்ந்த நாள், பி.எட். முடித்த வருஷம் எல்லாம் மளமளவென்று போயின. பதினான்காவது கலத்தில் பேனா நின்றது. 'கற்பித்தல் அனுபவம், ஆண்டுகளில்.'

ஷகிலா குரலைத் தாழ்த்தினாள். "இல்லைன்னுதான் போடணும் அக்கா. ஏழுன்னு போட்டா எங்க, எப்பிடின்னு கேப்பாங்க. எச்.எம். கையெழுத்துப் போடமாட்டாங்க. அவங்களே சொல்லி அனுப்பிச்சாங்க."

"அவங்களே சொன்னாங்களா?"

"ஆமாங்க்கா."

ஏழு வருஷம். எத்தனை பிள்ளைகள் நர்ஸாகவும் மருந்தாளுநராகவும் போயிருப்பார்கள். ஒசூர் கம்பெனி லேபில் இருந்துகொண்டு இன்னமும் ஆசிரியர் தினத்துக்குப் போன் பண்ணுகிறவர்கள் எத்தனை பேர். எல்லோரையும் ஒரு மூன்றெழுத்துச் சொல்லால் அழிக்க வேண்டும், அதுவும் தன் கையால். மணிமேகலை நிதானமாக எழுதினாள். 'இல்லை.' கீழே, மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என்ற வரியின் அடியில் கையெழுத்துப் போட்டாள். ஷகிலா அவள் முகத்தைப் பார்க்காமல் படிவத்தை எடுத்துக்கொண்டு போனாள். அழுக்குத் தண்ணீரைக் குடித்ததுபோல மணிமேகலைக்கு வாயெல்லாம் கசந்தது.

மூன்றாம் பீரியட் மணி அடித்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. காவியா வாசலில் வந்து நின்றாள். இப்போது ப்ளஸ் டூ.

"மேடம், வினையூக்கிப் பாடமாம். சாரு உங்களை வந்து எடுக்கச் சொன்னாரு. அவருக்கு வெளிய வேலை இருக்குதாம்."

மணிமேகலையின் கை சாக்பீஸ் டப்பாவுக்குப் போனது. பழக்கம். போன கையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"சாருகிட்டப் போய்ச் சொல்லு காவியா. மணிமேகலைக்குப் பாடம் எடுத்துப் பழக்கமே இல்லியாமா. இப்பத்தான் கவர்மெண்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்களாமா. அப்பிடியே சொல்லு."

"மேடம்?"

"அப்பிடியே சொல்லு கண்ணு."

காவியா போனாள். பிறகு வராந்தாவில் அர்ச்சுனனின் செருப்புச் சத்தம் கேட்டது. லேப் வாசலில் ஒரு கணம் நின்றது. மணிமேகலை திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் நகர்ந்து பக்கத்து வகுப்புக்குள் போனது. லேபுக்கும் வகுப்புக்கும் நடுவில் பாதிச் சுவர்தான், மேலே வெறும் கம்பி வலை. அவர் தொண்டையைச் செருமுவதும், தன் பழைய நோட்டைப் புரட்டுவதும் அப்படியே கேட்டது.

"வினையூக்கி என்பது... வினையில் பங்கேற்று... தான் மாறாமல்..." எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தார். "எடுத்துக்காட்டாக, எங்கள் ஊர்த் தரகர் குள்ளம்மாள் போல..."

நின்றார். வகுப்பில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காவியாவின் குரல் எழுந்தது.

"சார், குள்ளம்மாள் யாருங்க சார்?"

மணிமேகலை கழுவ எடுத்த கண்ணாடி பியூரெட்டைக் கையில் பிடித்தபடி காத்திருந்தாள்.

"அதெல்லாம் பரிட்சைக்கு வராது," என்றார் அர்ச்சுனன். "உக்காரு."

அந்தப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வுக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருந்தது. அது நினைவுக்கு வந்ததும் மணிமேகலை தண்ணீர்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள், மேற்கொண்டு எதுவும் காதில் விழாதபடி.